கடைத்தெருவைத் தேடாதீர்கள், கிழமையைக் கேளுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கைவேலைச் சாமானும் பழைய சாமானும் வாங்க

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் புதிதாகக் குடிவந்தவர்களும், பெங்களூரிலிருந்து சனி ஞாயிறு வருகிறவர்களும் முதலில் கேட்பது, “கைவினைப் பொருள் எல்லாம் விற்கிற தெரு எதுங்க?” என்பதுதான். அப்படி ஒரு தெரு இங்கே கிடையாது. மாமல்லபுரத்தில் சிற்பக் கடைகள் வரிசையாக இருக்கிற மாதிரி எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து போவீர்கள். ஆனால் சாமான் இருக்கிறது, செய்கிற கைகளும் இருக்கின்றன. செய்கிறவர்களே தலையில் சுமந்து, சந்தைக்குச் சந்தை கொண்டுபோய் விற்கிறார்கள். அதனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் எந்த ஊர் என்பதைவிட எந்தக் கிழமை என்பதுதான் முக்கியம்.

முதல் வேலை: சந்தை நாளைத் தெரிந்துகொள்வது

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி. தமிழ்நாட்டின் பெரிய வாரச்சந்தைகளில் ஒன்று. வேறு எங்கும் போக நேரமில்லாதவர்கள் இது ஒன்றுக்குப் போனால் போதும். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம், இரண்டு நகரங்களுக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் போய்வருவது சுலபம். வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரியை அடுத்த குந்தாரப்பள்ளி. ஆட்டுச் சந்தைக்குப் பேர் போனது. ஆடு மாடு விற்கிற இடத்தில் கயிறு, மணி, சலங்கை விற்கிறவர்களும் இருப்பார்கள் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். இவை தவிர சின்னச் சின்ன ஊர்ச் சந்தைகள் ஏராளம். நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சந்தை என்றைக்கு என்று டீக்கடையில் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்.

போச்சம்பள்ளி என்றதும் இக்கத் சேலையை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்த நெசவுக்குப் பேர் பெற்ற ஊர் தெலங்கானாவில் இருக்கிற பூதான் போச்சம்பள்ளி. நம் ஊரில் அந்தச் சேலையைத் தேடி அலைய வேண்டாம்.

காலையில் சீக்கிரம் போங்கள். ஏழு மணிக்குள் போய்விட்டால் நல்லது. வெயில் ஏறினால் கூடை, முறம் கொண்டுவந்தவர்கள் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நுழைந்ததும் கண்ணில் படுவது காய்கறி, பிளாஸ்டிக் குடம், ரெடிமேட் துணி. கைவேலைச் சாமான்காரர்களுக்குப் பெரும்பாலும் ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். சந்தையை வெளிப்பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

தருமபுரிக்கு ரயிலில் வரலாம். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். கையோடு எடுத்துப்போக வேண்டியவை: பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள், இரண்டு பெரிய துணிப்பை, கொஞ்சம் சணல் கயிறு, பழைய செய்தித்தாள், ஒரு சின்னக் காந்தம். காந்தம் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஜிபே அட்டை இப்போது பலரிடம் இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து நாலு துடைப்பம் விற்கிற பாட்டியிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். தமிழில் பேசினாலே போதும், பதில் தமிழில் வரும்.

எதை வாங்கலாம், எப்படிப் பார்ப்பது

இங்கே கிடைக்கும் நல்ல கைவேலைப் பொருள்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள் தினமும் புழங்குகிறவை. அழகுக்காகச் செய்து வைத்திருப்பது குறைவு. அதுதான் நமக்கு வசதி. பொருள் சரியில்லையென்றால் இந்த ஊர் அம்மாக்கள் வாங்கவே மாட்டார்கள். எந்த முறத்தை அவர்கள் தட்டிப் பார்த்து எடுக்கிறார்கள், எதைத் தள்ளி வைக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கவனியுங்கள். பாதி பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மூங்கில் சாமானில் பார்க்க வேண்டியது பட்டை எந்தப் பக்கத்தில் எடுத்தது என்பதை. மூங்கிலின் வெளித்தோல் வழுவழுப்பாக, ஒரு மினுமினுப்போடு இருக்கும். உள்சதை வெளிறிப்போய் நார்நாராக இருக்கும். முழுக்கத் தோல்பட்டையால் முடைந்த கூடைக்கு விலை அதிகம்தான், ஆனால் பல வருஷம் உழைக்கும். விலை கட்டுப்படியாக வேண்டுமென்றால், விளிம்பும் அடிக்கட்டும் மட்டுமாவது தோல்பட்டையா என்று பார்த்து வாங்குங்கள். கூடை முதலில் விட்டுப்போவது அந்த இரண்டு இடத்தில்தான். கூடையைக் கவிழ்த்துத் தரையில் தட்டுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் உளுத்த மூங்கில், வைத்துவிடுங்கள். முறம் வாங்கினால் அதோடு வேலை முடியாது. சந்து அடைபட வேண்டும். சாணியால் மெழுகுவது ஒரு வழி. ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைக் காகிதக் கூழோடு கலந்து பூசிக் காயவைப்பது இன்னொரு வழி. இதைச் செய்யாமல் கேழ்வரகு புடைத்தால் பாதி தரையில்தான் கிடக்கும்.

மண்சட்டி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். காதால் வாங்க வேண்டும். சட்டியை ஒரு கையில் தொங்கலாகப் பிடித்து, மறுகை விரல் முட்டியால் சுண்டுங்கள். ‘டங்’ என்று நீண்டால் சூளையில் நன்றாக வெந்தது. ‘டொக்’ என்று அடங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது, இல்லாவிட்டால் வேக்காடு போதவில்லை. அப்புறம் உள்ளே கையை விட்டு அடிப்பகுதியைத் தடவுங்கள். கல், மேடு பள்ளம் தட்டினால் அந்த இடத்தில் சூடு சமமாக ஏறாது. கறுப்புச் சட்டி வேண்டுமென்றால், ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். புகையை அடைத்துச் சுட்ட கறுப்பு போகாது. மேலே பூசிய கறுப்பு துணியில் ஒட்டும். வார்னிஷ் அடித்துப் பூப்போட்ட பானை அலங்காரத்துக்கு மட்டும்தான். சமைக்கிற சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு முழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கஞ்சித் தண்ணீரோ அரிசி கழுவிய தண்ணீரோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டு முதல் நாளே குழம்பு வைத்தால் சட்டி வெடிக்கும்; அப்புறம் குயவர்மேல் குறை சொல்வோம்.

மார்கழி கடைசியில் பொங்கலுக்காகப் பானை மலிந்து கிடக்கும், தேர்ந்தெடுக்க அதுதான் காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பானை காயாது, சூளை போடுவதும் குறையும். அப்போது வந்து “என்னங்க, ரெண்டே சட்டிதான் இருக்குது?” என்று கேட்பதில் பலனில்லை.

ஈச்சம் ஓலையில் கட்டின துடைப்பத்தைக் கட்டாயம் ஒன்று வாங்கிப் பாருங்கள். ஓலையைக் காயவைத்து, தட்டி, மெல்லிசாகக் கிழித்துக் கட்டுவார்கள். கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பிடியை முறுக்கிப் பாருங்கள். சிமெண்டுத் தரைக்கும் வாசலுக்கும் இதற்கு ஈடு இல்லை.

இந்தப் பக்கத்துச் சாப்பாட்டில் கேழ்வரகுக் களிக்குத் தனி இடம். அதனால் களி கிண்டுகிற மரத்துடுப்பு சந்தையில் கிடைக்கும். நீளமான கைப்பிடி, தட்டையான முனை. மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறதா, கழுத்துப் பக்கம் கணு இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இறுகின களியைப் புரட்டும்போது முழு பலமும் கழுத்தில்தான் விழும். களி கிண்டாதவர்களுக்கும் பெரிய பாத்திரத்தில் கிளற இது நன்றாக உதவும்.

தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் நடக்கிற நாளில் மாட்டு மணி, சலங்கை, வண்ணக் கயிறு எல்லாம் சந்தைக்கு வரும். வார்த்த பித்தளை மணியையும் தகட்டை மடித்து அடித்த இரும்பு மணியையும் பக்கத்தில் வைத்து ஆட்டிக் கேளுங்கள். இரண்டும் நல்லதுதான், ஓசைதான் வேறு வேறு. வாசலில் தொங்கவிடப் பலர் வாங்குகிறார்கள்.

பேரம்

காலையில் முதல் விற்பனை போணி. ஒருவர் இன்னும் போணி ஆகாமல் உட்கார்ந்திருக்கும்போது போய் விலை கேட்டு, பாதிக்குக் கேட்டு, வாங்காமல் நகர்ந்தால் அவர் மனசு அன்றைக்கு முழுக்கக் கெட்டுப்போகும். வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும் அந்த நேரத்தில் வாயைத் திறங்கள். “போணி ஆச்சுங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்ல பழக்கம்.

இன்னொன்று. சந்தையில் கடை போடச் சுங்கம் உண்டு. ஒரு முறத்துக்குப் பட்டை சீவி, முடைந்து, விளிம்பு கட்டி, பஸ்ஸுக்குக் கொடுத்து, சுங்கமும் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மா. அவர் சொல்கிற விலையில் இருபது ரூபாய் குறைத்து நாம் எதையும் கட்டிவிடப் போவதில்லை. கையால் செய்தவரே விற்கும்போது நான் பேரம் பேசுவதில்லை. இரண்டாக வாங்குவேன், அவரே பார்த்துக் குறைப்பார். வாங்கி விற்கிற வியாபாரியிடம் தாராளமாகப் பேசலாம், அவரும் அதை எதிர்பார்த்துத்தான் விலை சொல்வார். யார் எது என்று அறிய, “இது எந்த ஊருல முடையறதுங்க?” என்று கேளுங்கள். செய்தவர் என்றால் ஊர், மூங்கில், வெட்டின பருவம் என்று பேச்சு நீளும்.

பிடித்துப்போனால் அளவு சொல்லி ஆர்டர் கொடுக்கலாம். கொஞ்சம் முன்பணம் கொடுத்து, அடுத்த சந்தைக்குத் தவறாமல் போய் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் போகாவிட்டால் அந்த அளவுக் கூடையை அவர் வேறு யாரிடமும் தள்ள முடியாது.

சிட்லிங்கிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

துணியில் கைவேலை தேடுகிறவர்களுக்குச் சந்தை பயன்படாது. அரூர் போய், அங்கிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கிற ஊர். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி பழங்குடி மக்களுக்காக இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்த முயற்சியின் கிளையாக வளர்ந்ததுதான் போர்கை என்ற, லம்பாடி இனப் பெண்களின் கைவினை அமைப்பு. லம்பாடிகளின் பழைய பூத்தையல் ஒரு சில மூத்த பெண்களின் கையில் மட்டும் மிஞ்சியிருந்த நிலையில், அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டு இன்று சேலை, குர்த்தா, பை, மெத்தை உறை என்று தைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு கைவினைப் பொருள் வாங்க முடியும் என்றால் நான் காட்டுவது இதைத்தான்.

தையலைப் பார்க்கும்போது துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மெஷினில் போட்டது என்றால் முன்னால் எத்தனை நிறம் இருந்தாலும் பின்னால் ஒரே நிற நூல் சீராக ஓடியிருக்கும், பெரும்பாலும் வெள்ளை. கைத்தையலில் முன்னால் உள்ள அதே நூல்தான் பின்னாலும் தெரியும். முடிச்சு இருக்கும், நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாண்டியிருக்கும். விலை உங்களுக்கு அதிகமாகத் தோன்றினால் ஒரு சின்ன பூவை எடுத்துக்கொண்டு தையல்களை எண்ணிப் பாருங்கள், நியாயம் புரிந்துவிடும். போகும் முன் போன் செய்து, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பஸ் குறைவு, திரும்புகிற பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடித் துணிக்கு: பர்கூரில் வரிசையாக ஜவுளிக் கடைகள் உண்டு, குட்டி சூரத் என்றே பெயர். விலை மலிவுதான், ஆனால் அது மில் துணி. கைத்தறி வேண்டுமென்றால் கைத்தறி முத்திரை, பட்டு என்றால் பட்டு முத்திரை பார்த்துக் கூட்டுறவுக் கடைகளில் வாங்குவது நிம்மதி.

கிருஷ்ணகிரியில் கோடையில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும்போது சுய உதவிக் குழுக்களின் கடைகளும் போடுவார்கள். மாம்பழம் பார்க்கப் போகிற சாக்கில் அதையும் ஒரு நடை பார்க்கலாம். ஒகேனக்கல்லில் அருவி வழியில் விற்கிற சங்கு, கிளிஞ்சல் மாலைகளை மட்டும் இந்த ஊர்ப் பொருள் என்று நினைத்து வாங்காதீர்கள். கடல் இங்கிருந்து வெகு தூரம்.

பழைய பாத்திரம்

பழைய சாமானுக்குச் சந்தையைவிட நகரத்துப் பாத்திரக் கடைகள்தான் சரி. கல்யாணம், சீர் என்று புதுப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்த பித்தளை அண்டாவையும் சொம்பையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் எடுத்துப்போகிறார்கள். அந்தப் பழசெல்லாம் கடையின் பின்கட்டில் சாக்கில் கிடக்கும். கொஞ்ச நாளில் உருக்கப் போய்விடும். அதற்கு முன் நீங்கள் போக வேண்டும். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து, “அண்ணா, எடைக்கு வந்த பழைய சாமான் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேளுங்கள். “பின்னாடி சாக்குல கெடக்குது, பாத்துக்குங்க” என்பார்கள். பழைய இரும்புக் கடைகளிலும் இதே மாதிரி கேட்கலாம்.

விலைக்கு ஒரு கணக்கு உண்டு. அன்றைக்குப் பழைய பித்தளை எடைக்கு என்ன விலைக்கு எடுக்கிறார்கள், புதுப் பித்தளை கிலோ என்ன விலைக்கு விற்கிறது, இரண்டையும் கேளுங்கள். வேலைப்பாடு இல்லாத பழைய பாத்திரத்துக்கு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விலை நியாயம். வேலைப்பாடு உள்ள வெற்றிலைப் பெட்டி, குத்துவிளக்கு, சுண்ணாம்பு டப்பி போன்றவற்றுக்கு எடைக் கணக்கு பொருந்தாது. மனசுக்குப் பட்டதைப் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது காந்தத்தை எடுங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். வெண்கலம் என்று சொல்லி விற்றால் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள், ஓசை கோயில் மணிபோல் இழுத்துக்கொண்டு போகும். வெண்கலத்தைக் கீழே போட்டால் உடையும், பித்தளை நசுங்கும். அதனால் நசுங்கின தடம் நிறைய இருந்தால் பித்தளை என்று தெரிந்துகொள்ளலாம்.

புதிதாகச் செய்து புளியும் அமிலமும் தேய்த்துப் பழசாக்கி விற்பதும் நடக்கிறது, முக்கியமாக நெடுஞ்சாலையோரத்துக் கடைகளில். உண்மையில் புழங்கின பாத்திரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. கை படுகிற விளிம்பு, காது, தரையில் உராய்கிற அடி, இவை மழமழவென்று இருக்கும். கழுத்தின் மடிப்பில் கறுப்பு தங்கியிருக்கும். முழுக்க ஒரே சீராகக் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பழைய பாத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, விளிம்புக்குக் கீழே வெட்டியிருக்கும் பெயர். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருப்பார்கள்: தலைப்பெழுத்து, பெயர், சில சமயம் ஊர், வருஷம், இன்னார் கல்யாணத்துக்கு இன்னார் கொடுத்தது என்பது வரை. புள்ளிகளின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எத்தனையோ வருஷம் புளிபோட்டுத் துலக்கியதில் அந்தப் புள்ளிகள் மழுங்கி, எழுத்து பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அப்படி மழுங்கின எழுத்து வயதுக்கு நல்ல சாட்சி, எளிதில் போலி செய்ய முடியாது. கடைக்காரர் “பாலீஷ் போட்டுத் தரட்டுங்களா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பஃப் அடித்தால் ஒரு குடும்பத்தின் பெயர் போயே போய்விடும். வீட்டில் புளியும் சாம்பலும் போதும்.

படி, உழக்கு, ஆழாக்கு போன்ற அளவைகளும் வரும். இந்தப் பக்கத்தில் வள்ளமும் கிடைக்கும். 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகு கடைகளில் இவற்றுக்கு வேலை போய்விட்டது, வீடுகளில் தங்கின. எட்டு ஆழாக்கு ஒரு படி. பழைய படியில் முத்திரை குத்தியிருந்தால் கடைப் புழக்கத்தில் இருந்தது என்று அர்த்தம்.

சமைக்க வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது உட்பூச்சு. ஈயம் பூசாத பித்தளையில் புளி, தயிர், எலுமிச்சை ஆகாது. ஈயம் பூசுகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். பாத்திரக் கடையில் கேட்டால் எங்கே, எப்போது என்று சொல்வார்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். பாத்திரத்தைக் கனலில் காயவைத்து, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் துடைப்பார். வெள்ளைப் புகை எழும்பி அடங்கும்போது உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி பளபளக்கும். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஈயச் சொம்பு யாராவது கொடுத்தால் வெள்ளைத்தாளில் அழுத்திக் கோடு போடுங்கள். பென்சில் மாதிரி சாம்பல் நிறக் கோடு விழுந்தால் காரீயம், நஞ்சு. ரசத்துக்கு அதை வைக்கவே கூடாது.

மரச்சாமானுக்கு ஒரே சோதனை: அடிப்பக்கத்தில் சின்ன ஓட்டையும் புதுத் தூளும் இருந்தால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது.

இவற்றைத் தொடவே கூடாது

இந்த மண் நடுகற்களின் மண். வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கிற நடுகல்லை இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். யாராவது “பழைய செலை ஒண்ணு இருக்குது, எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டால், விலை கூடக் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். அது ஒரு ஊரின் சாமி. நடுகல் பார்க்க ஆசை என்றால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்காலக் கல்லறைகளைத் தோண்டி எடுத்த மணி, பானை, இரும்புத் துண்டுகளும் அப்படியே. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். மண்ணோடு சேர்ந்து கிடந்ததால்தான் அதன் காலத்தைக் கணிக்க முடிந்தது. தோண்டி எடுத்து விற்றுவிட்டால் அது வெறும் துருப்பிடித்த இரும்பு. சட்டமும் கடுமையானது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ஓலைச்சுவடிக்கு எழுபத்தைந்து வருஷம்தான் கணக்கு. நிலத்தில் புதையலாகக் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். மான் கொம்பு, புலி நகம், தந்தம் ஆகியவை வனவிலங்குச் சட்டத்தில் வரும். தாத்தா காலத்துப் பொருள் என்று சொன்னாலும் வாங்காதீர்கள். சந்தனக்கட்டை வேண்டுமென்றால் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்தில் ரசீதோடு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோவது

மண்சட்டிகளைப் பெரிதுக்குள் சிறிதாக அடுக்கி, நடுவில் வைக்கோலோ செய்தித்தாளோ திணித்து, வாயோரமாகக் கயிறு கட்டுங்கள். வைக்கோல் விற்பவரிடமே கேட்டால் ஒரு பிடி தருவார். பஸ்ஸில் மேலே உள்ள கம்பித் தட்டில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடை, முறத்தை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகினால் இடம் அடைக்காது. பெரிய அண்டா, அம்மி, ஆட்டுக்கல் வாங்கினால் பஸ்ஸை நம்பாதீர்கள்; லாரி பார்சல் ஆபீஸில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அம்மி கொத்திக் கொடுத்ததா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள், உங்கள் ஊரில் கொத்துகிற ஆள் கிடைப்பது கஷ்டம். மூங்கில், ஈச்சம் சாமான்களை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுத்த பிறகு வீட்டுக்குள் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை வெயில் காட்டுங்கள்.